வெளியாள் கை படக்கூடாது

பாகீரதியின் கல்யாணப் பேச்சு ஆரம்பித்தது ஒரு கார் பந்தயத்தில். அது நின்றுபோகும் நிலைக்கு வந்ததும் அதே பந்தயத்தால்தான். நடுவில் ஜாதகம், நட்சத்திரம் எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியிருந்தன. அவற்றின் மேல் யாரும் குறை சொல்ல முடியாது.

அவள் அப்பா சேஷகிரி மைசூர் சர்க்காரில் ரோடு போட்டு ரிடையரானவர். ஆயுள் முழுக்க ரோடு போட்டவருக்கு அதில் யார் எவ்வளவு வேகமாகப் போகிறார்கள் என்று பார்க்கும் ஆசை வந்ததில் தப்பில்லை. பெங்களூருக்கு வடக்கே, யுத்த காலத்தில் விமானங்கள் இறங்கிய ஓடுதளத்தில், ஒரு மோட்டார் கிளப் வருஷம் ஒரு தரம் ஆறு மணி நேரப் பந்தயம் நடத்திக்கொண்டிருந்தது. யார் முதலில் வந்தார் என்பதல்ல அதில் கணக்கு. ஆறு மணி நேரத்தில் யார் அதிகம் சுற்றினார் என்பதுதான். ஒரு காருக்கு இரண்டு டிரைவர்கள்; ஒருவர் ஓட்ட, மற்றவர் ஓரமாக நின்று தன் முறைக்குக் காத்திருப்பார். சேஷகிரி ஒரு ஜமக்காளம், ஒரு குடை, தயிர்சாதத் தூக்கு, பாகீரதி ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு போவார். சுற்றுகளுக்குக் கோடு போடுவது பாகீரதியின் வேலை.

அறுபதாம் வருஷத்துப் பந்தயத்தில் பக்கத்து ஜமக்காளத்தில் ஸ்ரீகண்டன் உட்கார்ந்திருந்தார். செக்ரடேரியட்டில் அண்டர் செக்ரடரியாக இருந்தவர். கையெழுத்து இல்லாமல் ஒரு காகிதத்தையும் நகரவிட்டதில்லை என்று பெயரெடுத்தவர். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டவர். அவருக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தவன் அவர் மகன் சந்திரமௌலி. தூக்கைத் திறக்கிற நேரத்தில் ஒரு சிவப்புக் கார் போனதா இல்லையா என்று பாகீரதிக்குச் சந்தேகம் வந்தது. கேட்டாள். போனது என்று சொன்னவன், அதற்கு முந்தைய சுற்று தனக்குத் தெரியாது என்றும், தும்மிக்கொண்டிருந்ததாகவும் ஒப்புக்கொண்டான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஆண்பிள்ளையை அவள் அதுவரை தன் வீட்டில் பார்த்ததில்லை. அந்த இடத்திலேயே அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

வினை வந்தது கடைசியில். ஆஸ்டின் டவுனில் ஒர்க் ஷாப் வைத்திருந்த தியோடரின் பச்சைக் கார், மேல்மூடி இல்லாத பழைய வண்டி, மற்ற எல்லோரையும்விட நிறையச் சுற்றுகள் முன்னால் இருந்தது. பந்தயம் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கையில் அதன் எஞ்சின் ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓய்ந்தது. முடிவுக் கோட்டுக்கு நாலு கஜத்தில் வண்டி நின்றுவிட்டது.

பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குளிர்கால விடியலில் பாட்டரி செத்த வண்டியைத் தள்ளித் தள்ளி, நின்ற காரைக் கண்டால் கை தானாகப் போய்விடும். யாருடைய கார், எங்கே போகிறது என்றெல்லாம் கேட்பதில்லை. அன்றும் வேலியைத் தாண்டி ஒரு கூட்டம் ஓடிவந்தது. சேஷகிரியும் ஸ்ரீகண்டனும் ஆளுக்கொரு பக்கம் பாய்ந்து, இரண்டு கைகளையும் விரித்து, கூட்டத்தைத் தடுத்தார்கள். வெளியாள் கை பட்டால் வண்டி தள்ளுபடி. அந்த விதியில் இருவருக்கும் கருத்து வேற்றுமையே இல்லை. அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

தியோடர் அவசரப்படவில்லை. சீட்டில் சாய்ந்து ஒரு சிகரெட் பிடித்தார். நேரம் முடிந்து கொடி இறங்கப்போகும் சமயத்தில் முதல் கியரில் போட்டு, எஞ்சினைக் கிளப்புகிற செல்ஃபை அழுத்தினார். செத்த எஞ்சினை வைத்துக்கொண்டு, பாட்டரியின் பலத்தில், கார் நொண்டி ஆடு மாதிரி குதித்துக் குதித்துக் கோட்டைத் தாண்டியது. கிளப்காரர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரொம்ப நேரம் விவாதித்துவிட்டு, வெளியே வந்து கோப்பையைத் தியோடரிடம் கொடுத்தார்கள்.

சொந்த பலத்தில் கோட்டைத் தாண்ட வேண்டும் என்பது விதி. பாட்டரி சொந்த பலமா? காரில் இருக்கும் பாட்டரி காருடையது இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரனுடையதா என்று சேஷகிரி கேட்டார். பலம் என்றால் எஞ்சின், செல்ஃப் என்பது எஞ்சினை எழுப்புகிற ஆள், எழுப்ப வந்தவனே எழுந்திருக்க வேண்டியவனுக்குப் பதிலாக ஆபீஸ் போகலாமா என்று ஸ்ரீகண்டன் கேட்டார். இதை அவர்கள் ஞாயிற்றுக்கிழமைதோறும் சம்பிகே ரோட்டு ஓட்டலில், ஒரே பை-டூ காபியைப் பாதிப் பாதியாகக் குடித்துக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வாதித்தார்கள். அடுத்த வருஷமும் வாதித்தார்கள். இதற்கிடையில் பிள்ளைகளுக்குள் ஒரு மாதிரி இருக்கிறது என்பதை அம்மாக்கள் கண்டுபிடித்துப் பேச்சை ஆரம்பித்தார்கள்.

பெண் பார்க்க வந்த அன்று சொஜ்ஜி பஜ்ஜி ஆறிப்போயிற்று. காரணம் செல்ஃப். ஸ்ரீகண்டன் எழுந்து செருப்புவரை போய்விட்டார். பாகீரதியின் அம்மா அனந்தலக்ஷ்மி குறுக்கே வந்து நின்று, தாலி ஏறுகிற வரைக்கும் இரண்டு பேரும் மோட்டார் என்ற வார்த்தையை வாயிலெடுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டாள். இருவரும் சத்தியம் செய்தார்கள். சேஷகிரி அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. ஜானவாசத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் வரத் தியோடரின் பச்சைக் காரை அமர்த்திவிட்டார், அவ்வளவுதான்.

ஊரில் மேல்மூடி இல்லாத கார் வேறு கிடைக்கவில்லை என்று அவர் சொன்னார். அது பொய் என்று பாகீரதிக்குத் தெரியும். அவள் கண் முன்னாலேயே இரண்டு பேர் தங்கள் வண்டியைத் தருவதாகச் சொல்லி, அவர் வேண்டாமென்றிருந்தார். அப்பாவை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். அன்றைக்கு அவரைப் பிடித்து ஓர் அறையில் போட்டுப் பூட்டினால் தேவலை என்றிருந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், பிள்ளையார் கோயில் வாசலில் அந்தக் காரை ஸ்ரீகண்டன் ஒரு தரம் சுற்றிவந்து பார்த்தாராம். கதவில் பழைய பந்தய எண் இன்னும் அழியாமல் இருந்ததாம். பிறகு மகனைப் பார்த்து, ஏறு என்றாராம். மௌலி கோட்டு, சூட்டு, மாலையுடன் தியோடரின் பக்கத்தில் ஏறிக்கொண்டான். நாகஸ்வரக்காரர்கள் முன்னால் போனார்கள். காஸ் லைட் தூக்கியவர்கள் இரு பக்கமும் நடந்தார்கள்.

சத்திரத்து மாடி ஜன்னலில் பாகீரதி நின்றிருந்தாள். மல்லேஸ்வரத்துத் தெருக்களில் ஏற்றமில்லாதது அபூர்வம். சத்திரம் இருந்த தெரு அந்த அபூர்வத்தில் சேர்ந்ததல்ல. ஊர்வலம் முனை திரும்பி ஏற ஆரம்பித்தது. பாதித் தெரு ஏறியதும் கார் ஒரு சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தை அவள் முன்பே கேட்டிருக்கிறாள்.

வழக்கம்போலத் தெருவே கையை நீட்டிக்கொண்டு ஓடிவந்தது. சேஷகிரி ஒரு பக்கமும் ஸ்ரீகண்டன் ஒரு பக்கமும் பாய்ந்து கைகளை விரித்தார்கள். வெளியாள் தொடக்கூடாது என்று இரண்டு குரலும் ஒன்றாக வந்தன. தியோடர், என்ன செய்வார் பாவம், பழக்கதோஷத்தில் கியரைப் போட்டு செல்ஃபை அழுத்தினார். மாப்பிள்ளை மாலையோடு சீட்டில் எகிறி எகிறி விழுந்தார். கார் ஒரு முழம் ஏறியது, இன்னொரு முழம் ஏறியது. நாகஸ்வரக்காரர் எதற்கும் இருக்கட்டும் என்று அதற்குத் தகுந்தாற்போல வாசித்தார்.

ஸ்ரீகண்டன் காருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார்.

"இப்படி வந்தா வந்ததா அர்த்தமில்லை. என் பையன் இந்த வாசலுக்கு வந்து சேரலை. வந்து சேராதவனுக்கு நிச்சயதார்த்தம் எப்படி நடக்கும்?"

வேறு கார் வரட்டும், கோயிலிலிருந்து மறுபடி கிளம்பலாம் என்றார். வேறு கார் என்றால் இந்தக் கார் தள்ளுபடி என்று அர்த்தம், அதற்கு நான் சம்மதித்தால் கிளப் கொடுத்த கோப்பைக்கு என்ன மரியாதை என்றார் சேஷகிரி. மாப்பிள்ளை இறங்கி நடந்தே வரலாமே என்று யாரோ சொன்னார். வண்டியை விட்டுப்போகிற டிரைவர் பந்தயத்தை விட்டுப்போனவன் என்று சேஷகிரியும், ஜானவாசத்தில் பாதி வழியில் இறங்குவது அபசகுனம் என்று ஸ்ரீகண்டனும் சொல்ல, சொன்னவர் கூட்டத்துக்குள் மறைந்துகொண்டார். நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் போகிற மாதிரி ஸ்ரீகண்டன் துண்டை உதறித் தோளில் போட்டார்.

இரண்டு கிழவர்களும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள், அவர்களால் முடியும். ஒரு பாட்டரிக்காகத் தன் கல்யாணம் நின்றது என்று பாகீரதி யாரிடம் போய்ச் சொல்லுவாள்?

அப்போது மௌலி காரில் இருந்தபடியே தன் அப்பாவைக் கேட்டான். டிரைவர் வண்டியிலிருந்து கையை எடுக்காமல் தானே தள்ளினால்?

ஸ்ரீகண்டன் யோசித்தார். விதியில் இடம் இருந்தது, டிரைவரின் பலமும் சொந்த பலத்தில் சேர்த்தி. "தள்ளலாம். ஆனா யார் டிரைவர்? தியோடரா, நீயா?"

"நா வாடகைக்கு வந்தவன் சார்," என்றார் தியோடர். "இன்னிக்கு வண்டி மாப்ளை பேர்லதான் ஓடுது. நா மெக்கானிக்."

மெக்கானிக் தள்ளக்கூடாது என்றார் ஸ்ரீகண்டன். அது கரெக்ட் என்று சொல்லிவிட்டுத் தியோடர் இறங்கி ஓரமாகப் போய் நின்றார். மௌலி ஒரு கையை ஸ்டீரிங்கில் வைத்தபடி இறங்கினான். அது இறங்கியதாகாது என்று கல்யாணம் செய்துவைக்க வந்திருந்த வாத்தியார் ஒப்புக்கொண்டார். பற்களைக் கடித்துக்கொண்டு தள்ளினான். கார் அரை முழம் ஏறி, யோசித்து, அதே அரை முழம் இறங்கியது. மறுபடி தள்ளினான். மாலை அறுந்தது.

பாகீரதி மாடிப்படி இறங்கினாள். அனந்தலக்ஷ்மி கூப்பிட்டது காதில் விழுந்தது, நிற்கவில்லை. கல்யாணப் பெண் பட்டுப்புடவையோடு நடுத்தெருவில் வந்து நின்றதைப் பார்த்து நாகஸ்வரமே நின்றுவிட்டது. உள்ளே போ பாகீ என்றார் சேஷகிரி. அவள் ஸ்ரீகண்டனிடம் போனாள்.

"மாமா, ஒரு காருக்கு எத்தனை டிரைவர்?"

"ரெண்டு."

"ரெண்டாவது டிரைவர் கை வைக்கலாமா?"

ஸ்ரீகண்டனுக்கு அவள் எங்கே போகிறாள் என்று புரிந்தது. பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"வைக்கலாம். ஆனா பேர் பதிவாகியிருக்கணும். லக்னப் பத்திரிகை உள்ள போனப்புறம்தானே வாசிக்கப்போறா? அதுவரைக்கும் நீ வெளியாள்தாம்மா."

பாகீரதிக்குக் கண்ணில் நீர் முட்டியது. சேஷகிரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். விதி அப்படித்தான் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. மௌலி காரைத் தாங்கிப் பிடித்தபடி அவளையே பார்த்தான். கையை எடுத்தால் கார் பின்னால் போய்விடும்.

ஸ்ரீகண்டன் தெருவை மேலும் கீழும் பார்த்தார். காரின் கதவிலிருந்த பழைய எண்ணைப் பார்த்தார். பிறகு வாத்தியார் பக்கம் திரும்பினார்.

"ஓய், பத்திரிகையை எடும். உள்ளதான் வாசிக்கணும்னு எங்கேயும் எழுதியிருக்கா?"

வாத்தியார் கொஞ்சம் திகைத்து, எழுதியிருக்கவில்லை என்றார். அப்படியானால் இங்கேயே வாசியும் என்றார் ஸ்ரீகண்டன். காஸ் லைட்டைப் பக்கத்தில் கொண்டுவந்தார்கள். வாத்தியார் நின்ற காருக்குப் பின்னால் நின்றுகொண்டு, இன்ன கோத்திரத்து ஸ்ரீகண்டனின் குமாரன் சந்திரமௌலிக்கு, இன்ன கோத்திரத்து சேஷகிரியின் குமாரத்தி பாகீரதியை என்று உரக்க வாசித்தார். கன்னடக்காரர்களும் தமிழர்களுமாகத் தெரு முழுக்கக் கேட்டது. தாம்பூலம் உள்ளேயிருந்து ஓடிவந்தது. சம்பந்திகள் தட்டை மாற்றிக்கொண்டார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டே.

"இப்போ வைக்கலாம்," என்றார் ஸ்ரீகண்டன்.

பாகீரதி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு காரின் பின்புறத்தில் தோளைக் கொடுத்தாள். முன்னால் மௌலி, பின்னால் அவள். கார் அரை முழம் ஏறியது. இந்தத் தடவை இறங்கவில்லை. நாகஸ்வரம் மறுபடி ஆரம்பித்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, இத்தனை சந்தோஷத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. சத்திரத்துக்குக் கிட்டே ஏற்றம் இன்னும் கடுமை. அவள் கால் வழுக்கியது. மூச்சு வாங்கியது.

பக்கத்தில் ஒரு கை நீண்டு மட்கார்டின்மேல் வரப்போவதைப் பார்த்தாள். அப்பாவின் கை. நின்ற காரைப் பார்த்தால் தானாகப் போகிற கை. ஆனால் அவர் காரைப் பார்க்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்ரீகண்டனும் பார்த்துவிட்டார். சொல்ல வேண்டியவள் பாகீரதிதான்.

"அப்பா, தொடாதீங்கோ."

சேஷகிரிக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் தலையை ஆட்டினார். சரிதான், விதி சரிதான் என்கிற மாதிரி. கையை இழுத்து இன்னொரு கையோடு முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் தோளை எடுக்கவில்லை, எடுத்தால் கார் பின்னால் போய்விடும்.

சேஷகிரி காரோடு கூடவே நடந்தார். சற்று நேரத்தில் ஸ்ரீகண்டன் காரைச் சுற்றிக்கொண்டு அவர் பக்கத்துக்கு வந்தார். அவரும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், இருவரும் வாசல் வரைக்கும் சேர்ந்து நடந்தார்கள்.