உப்புப் பூத்த தரை

மூன்றாவது தடவையாகத் தேங்காய் எண்ணெய்த் துணியால் தேய்த்துவிட்டு ஏகாம்பரம் மேஸ்திரி பின்னால் நகர்ந்தார். கார் ஷெட்டின் காவித் தரை பளபளவென்று மின்னியது. எல்லாம் அரைமணி நேரம்தான். வெயில் ஏற ஏற, திட்டுத் திட்டாக வெள்ளை மறுபடி எட்டிப் பார்த்தது. நேற்றுப் புளி கரைத்து ஊற்றியும் பார்த்தாகிவிட்டது. சனியன், போகவே மாட்டேன் என்கிறதே என்று பாக்கியமேரி முனகிக்கொண்டாள்.

சேரியிலிருந்து வரும் சித்தாள் அவள். காவி பூசிய பிறகு தரை இறுக ஏழு நாளும் களிமண் வரப்புக் கட்டி, குடம் குடமாகச் சுமந்து தண்ணீர் நிறுத்தியது அவள்தான். அறுப்பு முடிந்துவிட்டது. இனி மழை பெய்யும்வரை வயலில் வேலை கிடையாது, அடுப்பு தூங்கும். வீட்டுச் சொந்தக்காரரான மில்லுக்காரர் ராஜாராம் அடுத்து ஒரு பள்ளிக்கூடம் கட்டக் கான்ட்ராக்ட் எடுத்திருந்தார். எட்டு மாத வேலை. இந்தத் தரை சரியாகாவிட்டால் அதுவும் போச்சு.

"இன்னாய்யா இது, தேமல் வந்தா மாதிரி?" என்றார் ராஜாராம். "வெள்ளிக்கெய்ம புதுக் காரு வருது. காவில கலப்படமா?"

"நீங்க வாங்கியாந்த காவிதாங்க."

"அப்ப சிமிட்டி பழசா?"

"புது மூட்டைங்க."

மேஸ்திரி குனிந்து வெள்ளையை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். தூவென்று துப்பினார்.

"உப்பு."

ராஜாராம் மேரி பக்கம் திரும்பினார். "எந்தக் கெணத்துத் தண்ணி ஊத்தின?"

"தோட்டத்துக் கெணறுங்க."

"அது உவர்த் தண்ணியாச்சே! மாடுகூட மோந்து பாத்துட்டுப் போயிடும். பத்தடியில வூட்டுக் கெணறு கீது, தேனாட்டம் தண்ணி. அத்த வுட்டுட்டு உன்ன யாரு அங்க போவச் சொன்னது?"

கொல்லைக் கதவருகே அவர் மனைவி சிட்டம்மாள் நின்றிருந்தாள். முதல் நாள் வீட்டுக் கிணற்றுக்குக் குடத்தோடு போன மேரியை, "எங்க வர்ற? அங்கியே நில்லு. உனக்குத் தோட்டத்துக் கெணறுதான்" என்று விரட்டியவள். இப்போது அவள் மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேரிக்கு நெஞ்சு கொதித்தது. ஒரே வார்த்தை, சொல்லிவிட்டால் தீர்ந்தது.

"அம்மாதாங்க..."

"கம்முனு இரு, கய்தே!" மேஸ்திரி பாய்ந்தார். "நான் படிச்சிப் படிச்சி சொன்னேங்க, நல்ல தண்ணி எடுன்னு. சோம்பேறி, கேட்டாத்தான?"

அடப்பாவி! அன்றைக்குப் பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டவர்தானே? அவள் அவரை முறைத்தாள். அவர் கண் கெஞ்சியது.

"நல்ல தண்ணி வுட்டு வுட்டுத் தேச்சா உப்பு எறங்கிடுங்க" என்றார் மேஸ்திரி. ராஜாராம் உறுமிவிட்டு உள்ளே போனார்.

"மன்சுல வெச்சிக்காத மேரி" என்று மேஸ்திரி கிசுகிசுத்தார். "அந்தம்மா பேர சொன்னா ரெண்டு பேருக்கும் வேல இல்ல. இத்த கய்விக் குடு. ஸ்கூல் வேலைக்கு ஐயாகிட்ட நான் கேக்கறேன்."

வீட்டு வேலைக்காரி அம்முலு நல்ல கிணற்றில் இறைத்து ஷெட் வாசலில் நின்றபடியே ஊற்றினாள். மேரி மண்டிபோட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தாள். மூன்று நாள். முட்டி உரிந்து, காவியும் ரத்தமும் ஒரே நிறமாகிப் போனது. வெள்ளிக்கிழமை வெயில் ஏறிக் காய்ந்த பிறகும் தரை சுத்தம். பொட்டு வெள்ளை இல்லை. மேரிக்கு அழுகையே வந்துவிட்டது.

"அப்ப திங்கக்கெய்ம ஸ்கூல் வேலைக்கு வந்துடட்டா, மேஸ்திரி?"

மேஸ்திரி பூச்சுக் கரண்டியை இன்னொரு தடவை கழுவினார். "கேட்டேன் மேரி. அந்த எடத்துல ஒரே கெணறுதான் கீதாம். ஊர்க் கெணறு."

"அதுக்கு இன்னா இப்ப?"

"நல்ல தண்ணிக் கெணறு மேரி."

வாசலில் ஆரன் அடித்தது. மாலை போட்ட புதுக் கார். "நவுரு, நவுரு!" என்று டிரைவர் கத்தினான். மேரி நாரை எடுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றாள். கார் மெதுவாக உள்ளே வந்து நின்றது. சிட்டம்மாள் கற்பூரம் சுற்றினாள். ரோட்டு மண் ஒட்டிய டயர், கழுவிய தரையில் இரண்டு கோடு இழுத்திருந்தது.

ராஜாராம் அதைப் பார்த்தார்.

"ஏய், போறப்ப இத்தத் தொடச்சிட்டுப் போ."