பத்து எண்ணும் வரை

கப்பலின் அடியைச் சுரண்டும் அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. நெடுநாள் தண்ணீரில் இறங்காமல் இருந்துவிட்டுத் திரும்பி வருகிறவனுக்குப் பத்து வைப்பார்கள். அவன் கீழே சுரண்டிக்கொண்டிருக்கும்போது கூட இறங்கியவன் சத்தமில்லாமல் பின்னால் வந்து, அவன் முதுகிலிருக்கும் சிலிண்டரின் வால்வைத் திருகி மூடுவான். மூடியவன் மனசுக்குள் பத்து எண்ணிவிட்டுத் திறப்பான். அதுவரை கை கால் உதறாமல் கிடந்தால் அவன் தண்ணீர் ஆள். உதறினால் கரை ஆள். அப்புறம் எந்தப் படகும் அவனை ஏற்றாது.

இதை ஆரம்பித்து வைத்ததே கடப்பாரைதான். தண்ணீரைக் கலக்காமல் செங்குத்தாக இறங்குகிறவன் என்பதால் அந்தப் பேர். கூடவே ஒரு சட்டமும் போட்டு வைத்திருந்தான். பத்துக்குப் பயந்தவர்கள் முந்திக்கொண்டு, கழுத்தை அறுப்பதுபோல் கையால் கோடிழுத்துக் காட்டுவார்கள். காற்று தீர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். மேலே கூட்டிப் போய்விடுவார்கள், பத்திலிருந்து தப்பிக்கலாம் என்ற கணக்கு. திரும்பி வருகிறவன் முதல் நாள் கழுத்தில் கோடிழுத்தால் யாரும் சட்டை செய்யக் கூடாது என்று கடப்பாரை சொல்லிவிட்டான். அவன் சொன்னால் சொன்னதுதான் அப்போது.

காது சவ்வு கிழிந்து அவன் கரையேறி ஏழு வருஷமாகிவிட்டது. அந்த ஏழு வருஷமும் ஒரு சிமெண்டு கிடங்கின் கேட்டைத் திறந்து மூடினான். லாரிக்காரர்கள் அவனைப் பேர் சொல்லிக்கூட அழைப்பதில்லை. "ஏய் கேட்டு" என்பார்கள். முளைத்து மூணு இலை விடாத கிளீனர்கூட அப்படித்தான். காது ஆறிவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த அன்றைக்கே வேலையை உதறிவிட்டு மேஸ்திரியின் முன்னால் போய் நின்றான். மறுபடி தண்ணீருக்குள் இடம் கிடைத்தால் மனுஷன், கிடைக்காவிட்டால் சாகிற வரைக்கும் கேட்டு. அவ்வளவுதான் விஷயம். பத்துக்காக ஒரு மாதம் வீட்டில் வாளித் தண்ணீருக்குள் முகத்தைப் புதைத்துப் பழகினான். அறுபது வரை வந்தான். மனைவி தலை துவட்டத் துண்டை நீட்டுவாள்.

காலை எட்டு மணிக்குப் படகு கப்பலின் விலாவில் போய் ஒட்டியது. மேஸ்திரி அவன் இடுப்பில் ஈயப்பட்டையைக் கட்டிவிட்டு, கடைசி ஓட்டையிலும் எட்டவில்லை என்று கயிறு போட்டு முடிந்தார். கடப்பாரை இப்போ கிரைண்டர் கல்லாயிட்டான், ஈயமே வேண்டாம் தானாவே போயிடுவான் என்று அவர் சொன்னதற்கு எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். சிரிக்காத ஒரே ஆள் சிலிண்டரில் காற்று அடைக்கும் பம்புக்காரர். பத்து வருஷத்துக்கு முன் அவரும் முங்குகிறவர்தான். அம்மைக் காய்ச்சலில் படுத்தெழுந்து வந்தவருக்குக் கடப்பாரை பத்து வைத்தான். ஆறிலேயே மிரண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு எட்டு மீட்டரிலிருந்து அம்பு மாதிரி மேலே போனார். மேலே வர வர அடக்கிய காற்று விரிந்து நுரையீரல் கிழிந்தது. இன்றைக்கும் நாலு படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார். அவர் மிரண்டு ஓடியதைக் கடப்பாரை ரொம்ப நாள் டீக்கடையில் நடித்துக் காட்டியிருக்கிறான்.

கூட இறங்கியவன் மச்சினன், மனைவியின் தம்பி. கடப்பாரை விட்டுப்போன இடத்தில் இப்போது அவன்தான் முதல் ஆள்.

கீழே கப்பலின் வயிறு தரை மாதிரித் தட்டையாகத் தலைக்கு மேலே விரிந்து கிடந்தது. அங்கிருந்து நேரே மேலே போக முடியாது. இருபது அடி பக்கவாட்டில் நீந்தி விளிம்பைத் தாண்டினால்தான் வெளிச்சம். கடப்பாரை மல்லாந்து கிடந்து சுரண்டியால் சிப்பியைப் பெயர்த்தான். ஐந்தாவது நிமிஷமே தோள் கடுத்தது. பழைய நாளில் நாலு மூச்சு இழுக்கும் நேரத்தில் இப்போது பத்து இழுத்தான். சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் முள் இடுப்பருகே ஆடிக்கொண்டிருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. அடிக்கடி முள்ளைப் பார்க்கிறவன் பயந்தாங்கொள்ளி என்று சொல்லிச் சொல்லியே வளர்த்துவிட்ட கூட்டம் அது.

இருபத்தைந்து நிமிஷம் போயிருக்கும். இழுத்த மூச்சு பாதியில் கெட்டியானது. அடுத்தது வரவே இல்லை.

வந்துட்டான்டா என்று நினைத்தான். உடம்பு தளர்ந்து கிடக்கும்படி விட்டான். சுரண்டியைக்கூட நிறுத்தவில்லை, பார்த்துக்கொள்ளட்டும் என்று இரண்டு சிப்பியைக் கூடுதலாகப் பெயர்த்தான். பத்து ஆயிற்று. திறக்கவில்லை. மச்சினன் விளையாட்டுக் காட்டுகிறான், இருபது வைக்கிறான் போல. இருபதும் ஆயிற்று. முப்பதில் நெஞ்சு தானாகவே குதிக்க ஆரம்பித்தது. நாற்பதில் திரும்பிப் பார்த்தான்.

முதுகுக்குப் பின்னால் யாரும் இல்லை. மச்சினன் முப்பதடி தள்ளி, அவனுக்கு முதுகைக் காட்டிச் சுரண்டிக்கொண்டிருந்தான். கடப்பாரை முள்ளைப் பார்த்தான். அது அடியில் படுத்திருந்தது.

நீந்திப் போய்த் தோளைப் பிடித்து உலுக்கிக் கழுத்தில் கோடிழுத்தான். மச்சினன் திரும்பிப் பார்த்தான். கண்ணாடிக்குள் அவன் கண் சுருங்கியது. சிரிக்கிறான். தலையை இடமும் வலமும் ஆட்டிவிட்டு, இரண்டு கையையும் விரித்துப் பத்து விரலையும் காட்டினான். இனிமேல்தான் உனக்குப் பத்து என்று அர்த்தம். மறுபடி கோடிழுத்தான். மச்சினன் மறுபடி பத்து விரல் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கத் திரும்பினான்.

அதற்கப்புறம் நடந்ததில் மனுஷத்தனம் ஒன்றும் இல்லை. கடப்பாரை பின்னாலிருந்து அவன் கழுத்தைச் சுற்றிப் பிடித்து, வாயில் கடித்திருந்த காற்றுக் குழாயைப் பிடுங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டான். உபரிக் குழாய் எதுவும் அந்தச் சிலிண்டர்களில் வைப்பதில்லை. மச்சினன் முழங்கையால் இடித்தான், சுரண்டியால் அவன் தொடையைக் கிழித்தான். ஒருத்தன் காற்றை ஒருத்தன் பிடுங்கியபடியே இரண்டு பேரும் விளிம்பு வரைக்கும் உருண்டு வந்து மேலே மிதந்தார்கள். மச்சினன் தண்ணீரைக் கக்கினான், கூடவே கொஞ்சம் ரத்தம். இருமல் அடங்கியதும் அவன் கண் கடப்பாரையின் முள்ளில் விழுந்தது. படகிலிருந்து யாரும் பார்க்காத பக்கமாகக் கையை நீட்டிக் கடப்பாரையின் வால்வை மூடினான்.

மேலே இழுத்துப் போட்டதும் மேஸ்திரி என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"பத்து வெச்சேன். நாலுகூடத் தாங்கல. என் வாயிலேர்ந்து புடுங்கிட்டாரு," என்றான் மச்சினன்.

பொய் என்றான் கடப்பாரை. காற்றே தீர்ந்துவிட்டது, கீழே எவனும் வால்வைத் தொடவில்லை என்றான். மேஸ்திரி வால்வைத் தொட்டுப் பார்த்தார். இறுக மூடியிருந்தது. வால்வை மூடினாலும் முள் அடியில்தான் படுக்கும், அதைக் காட்டிப் பிரயோஜனமில்லை. சிலிண்டரைப் பம்புக்காரரிடம் கொடுத்துத் திறந்து பார்க்கச் சொன்னான் கடப்பாரை. அவர் குழாயையும் முள்ளையும் கழற்றிவிட்டு, அதை மடியில் சாய்த்து வால்வைத் திருகினார். இயந்திரம் ஓடிய இரைச்சலில் மற்றவர்களுக்கு ஒன்றும் கேட்க வழியில்லை. அவருக்குக் கை வைத்தாலே தெரியும். கடப்பாரையின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்.

"பாதிக்கு மேல இருக்கு."

உருட்டிக்கொண்டு போய்க் காலி சிலிண்டர்களோடு சேர்த்து வைத்தார். மேஸ்திரி அதை எங்கே பார்த்தார். தன் அனுபவத்தில் நாலு எண்ணுவதற்குள் அடுத்தவன் வாயிலிருந்து பிடுங்கியவனைப் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டுக் கடப்பாரையின் பேரை அடித்துவிடச் சொன்னார்.

மச்சினன் புதுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டு, வாயில் ஊறிய ரத்தத்தைத் துப்பியபடி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"காத்து தீந்துச்சுன்னு சொல்லியிருந்தா நாளைக்கும் எறக்குவாங்க மாமா. அடுத்த தடவ நான் பக்கத்துல இருக்கமாட்டேன். அக்கா முன்னால என்னத்தக் கொண்டு போய் எறக்குறது?"

"அந்த எடத்துக்கு யாரு வரா?"

மச்சினன் சிலிண்டர் வாரை இறுக்கினான். "என் சகலை கேட்டிருக்கான்."

"அப்போ உங்கக்காவுக்காகப் பண்ணியா, சகலைக்காகப் பண்ணியா?"

"ரெண்டுக்குந்தான்," என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்த்து மாட்டிக்கொண்டு முதுகு கீழாகத் தண்ணீரில் சாய்ந்தான்.

கடப்பாரை தொடையில் துணியைக் கட்டிக்கொண்டு மனைவிக்குப் போன் போட்டான். அவள் முதலில் காது வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றான். முங்குவது நமக்கு இனிமேல் தோதுப்படாது, நானே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன் என்றான். ஒரு பேச்சுக்காவது ஏன் என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தான்.

"தம்பி காலையிலயே சொல்லிட்டான், இன்னியோட முடிஞ்சிரும்னு. கெடங்குல வேற ஆளப் போடாம வெச்சிருக்காங்க, நேத்தே போய்க் கேட்டுட்டு வந்தேன்."

தண்ணீரில் மச்சினன் விட்ட குமிழி ஒரே சீராக, அவசரமில்லாமல் வந்துகொண்டிருந்தது.

"ரெண்டு மணி ஷிப்டு. வீட்டுக்கு வந்துட்டுப் போறீங்களா, அப்படியே போயிடுவீங்களா?"

"அப்படியே போயிடறேன்," என்றான்.