அட்டைப் பெண்ணின் கிழமை

தட்டிலிருந்த பிஸ்கற் துண்டுகள் ஓரம் காய்ந்துவிட்டன. பியற்றிஸ் அவற்றைக் கொட்டிவிட்டுப் புதுப் பக்கெற்றை உடைத்தாள். பழக்கித் தந்த ஆங்கில வசனத்தை, தள்ளுவண்டியோடு வந்த கிழவரிடம் சொன்னாள். அவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு வாங்காமல் நடந்தார். எதிரே ஸ்டூலில் இருந்த பிஸ்கற் கம்பனிப் பெண்ணின் கையில் எண்ணும் கருவி சத்தமில்லாமல் கிடந்தது. பக்கெற் கூடைக்குள் விழுந்தால்தான் அதை அமுக்குவாள்.

எட்மண்டன் சூப்பர்மார்க்கெற்றில் நடந்தது ஒரு பரிசோதனை. ஒரு கிழமை, வாரம் முழுக்க, ஆள் நின்று ருசிபார்க்கக் கொடுப்பது. மறு கிழமை அதே மேசையருகில் சிரிக்கும் பெண்ணின் ஆளுயர அட்டை மட்டும். எது கூட விற்கிறதோ அதுதான் இனி எல்லாக் கிளைகளிலும். ஆள் வென்றால் பியற்றிசுக்கு வேலை நிரந்தரம். நிரந்தர வேலை இருந்தால்தான் கொழும்பு லொட்ஜில் அடைந்து கிடக்கும் மகளைக் கூப்பிடலாம் என்று லோயர் சொல்லியிருந்தார்.

குருத்தோலை ஞாயிறன்று கோயில் வாசலில் தெரிந்த பெண்களையெல்லாம் மறித்து, "கடைக்கு வந்து பிஸ்கற் வாங்குங்கோ, என்ரை வேலை அதிலைதான் நிக்குது" என்று கேட்டிருந்தாள். அட்டையோடு போட்டி என்று சொல்ல வெட்கமாயிருந்தது. எந்தக் கிழமை என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மரியநாயகி மட்டும் வந்தாள். கூடைக்குள் கத்தரிக்காயும் ரின்னில் அடைத்த மீனும்.

"அக்கா, ஒரு பக்கெற் எடுங்கோவன்."

"உனக்கென்ன விசரே? யேசு பாடுபட்ட பெரிய கிழமையிலை ஆர் இனிப்புத் தின்னுறது? ஞாயிறு பாஸ்கு முடியட்டும், எல்லாரையும் சாய்ச்சுக்கொண்டு வாறன்."

"அப்ப வேண்டாமக்கா, இப்பத்தான்..."

கம்பனிப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். பழக்கித் தந்த வசனத்துக்கு மேல் வாடிக்கையாளரோடு பேசக்கூடாது. பியற்றிஸ் தட்டை நீட்டினாள். மரியநாயகி கையெடுத்துக் கும்பிடுவதுபோல் காட்டிவிட்டுப் போனாள்.

உயிர்த்த ஞாயிறு அவளுக்குக் கிளீனிங் ஷிப்ட். பூசைக்குப் போக ஏலவில்லை. இந்தக் கிழமை வரவேண்டாம் என்று சொல்ல மரியநாயகி வீட்டுக்குப் போன் அடித்தாள். மணி போய்க்கொண்டேயிருந்தது, ஒருவரும் எடுக்கவில்லை.

அட்டையின் கிழமை தொடங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை களஞ்சிய அறையில் பெட்டி உடைத்துக்கொண்டிருந்தபோது பெண்களின் சிரிப்பு கேட்டது.

"பியற்றிசிலும் பாக்க இவ வடிவு."

"பல்லைப் பாரும், ஒரு சொத்தை இல்லை."

பிளாஸ்ரிக் திரையை விலக்கிப் பார்த்தாள். அட்டைப் பெண்ணைச் சுற்றி கோயில் பெண்கள் ஏழெட்டுப் பேர். கூடைகளில் பிஸ்கற் குவிந்திருந்தது. கிளிக், கிளிக், கிளிக்.

பியற்றிஸ் வெளியே ஓடினாள். "வையுங்கோக்கா. திருப்பி வையுங்கோ."

"ஏனடி? உனக்காகத்தானே டொட்டன்காமிலையிருந்து பஸ் எடுத்து வந்தனாங்கள்."

"இந்தக் கிழமை எனக்கில்லை. இவவுக்கு."

மரியநாயகி அட்டையை மேலும் கீழும் பார்த்தாள். "இந்த மட்டைக்கோ?"

பியற்றிஸ் அவளுடைய கூடைக்குள் கைவிட்டாள். அதற்குள் மனேஜர் வந்து, களஞ்சியப் பக்கம் விரலைக் காட்டினார். கூடைக்குள் விழுந்தது விழுந்ததுதான் என்று கம்பனிப் பெண் தணிந்த குரலில் சொன்னாள்.

அட்டைதான் கூட விற்றிருந்தது. சனிக்கிழமை மனேஜர் கைகுலுக்கி நன்றி சொன்னார். கடைசியாக ஒரு வேலை: அட்டைப் பெண்ணை அடுத்த கிளைக்குப் போகும் வான் வண்டியில் ஏற்றவேண்டும். வெளியே மழை. நனைந்தால் உப்பிவிடும் என்று ஒரு பெரிய பொலித்தீன் பையும் தந்தார்.

பியற்றிஸ் பையை அதன் தலையால் மாட்டி, கால்வரை இழுத்துவிட்டு, அடியில் முடிச்சுப் போட்டாள். பிறகு அதை அணைத்துத் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள். அவளுடைய தலைமயிரிலிருந்து வழிந்த தண்ணீர் பொலித்தீனில் சொட்டியது. உள்ளே அந்தச் சிரிப்பு நனையாமல் இருந்தது.