ஒன்பதாம் குழாய் ஏன் வெட்டியது

1

இந்தக் கதை என் கையெழுத்தில் தொடங்கியது. என் பெயர் பிர்தெ. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஓர் ஆய்வகத்தில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். கரைசல் கலப்பது, ஜெல் ஓட்டுவது, குழாய்களில் எண் எழுதுவது எல்லாம் என் பொறுப்பு. நன்றாகவே செய்வேன். ஒரே ஒரு முறை செய்யவில்லை.

அதைச் சொல்ல முதலில் எழுதிய வரி: "மழை பெய்துகொண்டிருந்தது." இந்த ஊரில் எப்போதுதான் பெய்யவில்லை? அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கத்தில் விகோ என்றொரு ஆள் இருந்தார். ஐம்பது வயது, காது கொஞ்சம் மந்தம், குழாய்களை மாற்றி வைப்பவர். மூன்று பக்கம் அவரை நடமாடவிட்டேன். நன்றாகத்தான் வந்தார். ஆனால் அப்படி யாரும் எங்களிடம் வேலை பார்த்ததில்லை. என் தப்பைச் சுமக்க ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அவரை இங்கேயே வழியனுப்பிவிடுகிறேன்.

2

சோல்வாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஆய்வாளர். நாற்பதுக்கு இரண்டு குறைவு. ஏழு வருடமாக ஓர் ஆர்.என்.ஏ. துணுக்கோடு மல்லுக்கட்டுகிறாள்.

உயிருக்குள் வெட்டுவதும் ஒட்டுவதும் பெரும்பாலும் புரத நொதிகளின் வேலை. இந்தத் துணுக்குக்குப் புரதம் வேண்டாம். ஐம்பது அறுபது எழுத்து, அதாவது வேதி அலகு, நீளம்தான். தானே மடியும். மடிந்த இடத்தில் ஓர் ஆக்சிஜன், பக்கத்து இணைப்பிலிருக்கும் பாஸ்பரஸைத் தாக்கும். இழை அங்கேயே இரண்டாகும். செடிகளைப் பிடிக்கும் சில நோய்க்கிருமிகள் தங்கள் நகல்களை ஒரே நீளச் சரமாக எடுத்துவிட்டு, இப்படித்தான் துண்டு போட்டுக்கொள்கின்றன.

(இங்கே "தன்னையே வெட்டிக்கொள்ளும் மனம் போல" என்று வைத்திருந்தேன். அது பாட்டுக்கு மடிகிறது, வெட்டுகிறது. மனத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? எடுத்தாயிற்று.)

சோல்வாய் அதை ஸ்விட்ச்சாக்க நினைத்தாள். சிகிச்சைக்காக உடம்புக்குள் அனுப்பும் மரபணு, கணக்கில்லாமல் புரதம் செய்துகொண்டே போனால் ஆபத்து. அந்த மரபணுவின் செய்தி இழையில் இந்தத் துணுக்கைச் செருகிவிட்டால், இழை பிறந்த கையோடு வெட்டுப்படும், புரதம் வராது. ஒரு மருந்து கொடுத்தால், அது துணுக்கைப் பிடித்துக்கொண்டு சரியாக மடியவிடாது. வெட்டு நிற்கும், புரதம் வரும். மருந்தை நிறுத்தினால் பழையபடி.

இதை நிரூபிக்க, ஒப்பிட்டுப் பார்க்க ஒரு 'செத்த' துணுக்கு வேண்டும். வெட்டுக்கு இன்றியமையாத ஓர் எழுத்தை மட்டும் மாற்றிவிட்டால் வெட்டவே கூடாது. ஆறாம் குழாயில் உயிருள்ளது. ஒன்பதில் செத்தது. உறைபெட்டியிலிருக்கும் மூலக் குழாய்களிலிருந்து, அதே எண் போட்ட சோதனைக் குழாய்களை நிரப்பிக் கொடுப்பது என் வேலை.

3

மார்ச்சில், செத்தது வெட்டியது.

இழைகளை நீளவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில், ஒரு பட்டை இருக்க வேண்டிய இடத்தில் மூன்று: முழு இழையும், வெட்டுப்பட்ட இரண்டு துண்டும். எங்கள் குழுத் தலைவர் தோர்கில் எட்டிப் பார்த்தார்.

"உன் பொணம் எந்திரிச்சு நடக்குதே, சோல்வாய்."

"சிரிக்காத தோர்கில். ஏழு வருஷமா நான் சொன்னதே தப்பா இருக்கலாம்."

"மூலக் குழாய்ல எழுத்து சரியா இருக்கா?"

"படிச்சுப் பாத்தாச்சு. சரியாத்தான் மாத்தியிருக்கு. அதுலேருந்துதானே இதை நிரப்பினோம்."

நிரப்பினோம் இல்லை. நிரப்பினேன்.

ஐந்து வாரம் அவள் எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்தாள். உப்பை, சூட்டை, தண்ணீரைக்கூட. மே மாதம் பிரான்ஸில், லியோனில், ஒரு பெரிய ஆய்வாளர் கூட்டத்தில் பேச அழைத்திருந்தார்கள். அவள் வாழ்க்கையில் முதல் மேடை. அந்த நாட்களில் அவள் முகம்

(இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு உரிமையில்லை.)

4

ஒரு வியாழக்கிழமை உறைபெட்டியை அடுக்கினேன். மூலக் குழாய்களின் வட்ட மூடிகளில் என் எண்கள். ஆறுக்கும் ஒன்பதுக்கும் அடியில் கோடு போடுவது ஆய்வகத்தில் முதல் நாளே பழகும் பழக்கம். ஆறாம் குழாயின் மூடியில் கோடில்லை. திருப்பினேன். ஒன்பது.

எழுத்தைச் சரிபார்க்க சோல்வாய் குழாயின் பக்கவாட்டில் எழுதியதைப் படித்து எடுத்திருக்கிறாள். நிரப்பும்போது நான் மூடியை மட்டும் பார்த்திருக்கிறேன்.

நான் நிரப்பிய ஒன்பதிலிருந்து ஒரு சொட்டை எழுத்து படிக்க அனுப்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. திங்களன்று சோல்வாய் லியோன் பேச்சைத் திரும்பப் பெற்றாள். செவ்வாய் காலை பதில் வந்தது. பதினொன்றரைக்கு, எல்லோரும் சாப்பாட்டு மேஜையில் கறுப்பு ரொட்டியும் ஹெர்ரிங் மீனுமாக இருக்கும்போது சொன்னேன்.

"சோல்வாய், ஒன்பதுல இருக்கறது ஆறு."

"என்ன?"

"மாத்தி ஊத்திட்டேன். மூடியில நான் கோடு போடல."

"அப்பாடா! அப்ப பொணம் பொணம்தான்!" என்றார் தோர்கில். வேறு யாரும் சிரிக்கவில்லை.

சோல்வாய் ரொட்டியைக் கீழே வைத்தாள். "எப்ப தெரியும்?"

"இன்னிக்குக் காலைல உறுதியாச்சு."

"அதைக் கேக்கல, பிர்தெ. எப்ப சந்தேகம் வந்துச்சு?"

"வியாழக்கிழமை."

"நேத்து லியோனுக்கு எழுதறப்ப நீ பக்கத்து மேஜையிலதான் இருந்த."

"ஆதாரம் வரட்டும்னு..."

"ஆதாரத்துக்காகக் காத்திருந்தியா, இல்ல பயந்தியா?"

"ரெண்டும்."

(இந்தப் பதிலை ஐந்து விதமாக, அழகாக எழுதிப் பார்த்தேன். வாயில் வந்தது இதுதான். இதுவும் பாதிப் பொய். பயந்தேன்.)

5

புதிதாக நிரப்பிய ஒன்பது வெட்டவில்லை. ஒரே பட்டை, பளிச்சென்று. லியோன் மேடையோ ஸ்வீடனின் யோதெபோரி நகரக் குழு ஒன்றுக்குப் போய்விட்டது, போனது போனதுதான். அடுத்த வருடம், பச்சையாக ஒளிரும் புரதம் ஒன்றின் மரபணுவில் துணுக்கைச் செருகிப் பார்த்தோம்; மருந்து சொட்டிய செல்கள் தட்டில் பச்சையாக ஒளிர்ந்தன. மருந்தில்லாதவை இருண்டு கிடந்தன. கட்டுரை வெளியானது. அதில் நான்காவது பெயர் என்னுடையது. சோல்வாய் என்னிடம் கேட்கவில்லை, போட்டுவிட்டாள்.

6

முடிவு இரண்டு எழுதி வைத்திருந்தேன். ஒன்றில் அவள் நடைவழியில் என்னைக் கட்டிக்கொள்கிறாள். நடக்கவில்லை. இன்னொன்றில் என்னால் ஆய்வகத்தை விட்டே போகிறாள். அதுவுமில்லை, பக்கத்து மேஜையில்தான் இருக்கிறாள்.

ஆகவே இதுவரை எழுதியதை அவளிடமே கொடுத்தேன். எதைக் கொடுத்தாலும் பென்சிலால் கோடு கிழித்துத் திருத்துபவள். இரண்டாம் பகுதி முழுக்கத் திருத்தம்: 'எந்த ஆக்சிஜன்னு சொல்லு', 'எந்த எழுத்து?' என்று. (நான் மாற்றவில்லை. கதை என்னுடையது.) நான்காம் பகுதியில் ஒன்றுமே இல்லை.

ஒன்றுமே இல்லை என்பதும் சரியல்ல. "பயந்தேன்" என்ற சொல்லுக்கு எதிரே, ஓரத்தில், பென்சில் முனை ஊன்றி எடுத்த ஒரு புள்ளி இருக்கிறது. அதோடு முடிந்தது என்று வைத்த புள்ளியா, ஏதோ எழுத வந்து நிறுத்திய சொல்லின் தொடக்கமா? இப்போதே எழுந்து நாலு எட்டு வைத்தால் கேட்டுவிடலாம். கேட்கப்போவதில்லை. தாளை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன், நீங்கள் பாருங்கள்.