மயிலை திரும்பிய இடம்

கண்ணையனின் சிநேகிதர் மண்ணாங்கட்டி, தான் சொல்லிக்கொண்டிருந்த கதையில் அதற்குள் ஆற்றுவெள்ளத்தைக் கழுத்துவரை ஏற்றிவிட்டிருந்தார். கேட்டுக்கொண்டிருந்த நாலு பேரும் வாயிலிருந்த வெற்றிலையை மெல்லவும் மறந்து உட்கார்ந்திருந்தார்கள்.

“நுகத்தடி முறிஞ்சிது. செவலை மாடு போச்சு, வண்டி போச்சு. நம்ம கண்ணையன் இன்னா பண்ணான்? மயிலையோட வாலப் புடிச்சிக்கினான். வாயில்லாத ஜீவன் பாருங்க, அம்மாம் தண்ணியையும் கிழிச்சிக்கினு நேரா கரையில கொண்டாந்து போட்டுச்சு! சினிமாக்காரன்கூட இப்பிடி எடுக்க மாட்டான்.”

கதைக்குச் சொந்தக்காரரான கண்ணையன் பக்கத்திலேயே கயிற்றுக் கட்டிலில் கண்மூடிக் கிடந்தார். மூன்று நாளாகக் கஞ்சி இறங்கவில்லை. கெங்கம்மாள் பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அப்பாவின் உதட்டில் பிழிந்துகொண்டிருந்தாள். ‘நேரா கரையில’ என்று மண்ணாங்கட்டி சொன்னபோது, அப்பாவின் கை ஒரு சாண் எழும்பி விழுந்தது. ஈ ஓட்டுகிறார் என்று நினைத்து அவள் முந்தானையால் விசிறிவிட்டாள்.

திண்டிவனத்துக்கு மேற்கே நாலைந்து ஊர்களில் அந்தக் கதையைக் கேட்காத ஆள் கிடையாது. வீடூரில் அணை கட்டாத காலம். கண்ணையன் மல்லாட்டைக் கடலை மூட்டைகளைத் திண்டிவனத்து மண்டியில் போட்டுவிட்டு, பெண்சாதி பாஞ்சாலியோடு வெறும் வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தார். மேற்கே பெய்த மழை ஆற்றில் வரும் என்று தெரியும். அதற்குள் தாண்டிவிடலாம் என்று இறக்கினார். நடு ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்குக் கெங்கம்மாளுக்குப் பதின்மூன்று வயது. தம்பி வேங்கடேசனுக்குச் சோறு போட்டுவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அப்பாவும் மயிலையும்தான் வந்தார்கள்.

அதற்குப் பிறகு மயிலையின் கழுத்தில் நுகத்தடி ஏறவில்லை. ஏருக்கும் வண்டிக்கும் வேறு மாடு வாங்கினார். மயிலைக்குத் தவிடும் பிண்ணாக்கும் வேளை தவறாமல் போனது. “கவர்மெண்டு உத்தியோகம் பாத்து பென்ஷன் வாங்குது பாரு” என்று ஊர் கேலி பேசியது. பேசட்டும் என்று விட்டுவிட்டார். கேட்டவர்களுக்குக் கதையை மட்டும் சொன்னார். டீக்கடையில் சொன்னார், சந்தையில் சொன்னார். டூரிங் சினிமாக் கொட்டாயில் காட்டுப் படம் வந்து, யானையோ நாயோ கதாநாயகனைக் காப்பாற்றினால், படம் விட்டு வருகிறவர்கள், “நம்ம ஊருக்கு மயிலை” என்று சொல்லிக்கொண்டே நடப்பார்கள்.

அந்தக் கதையில் அம்மாவின் பங்கு இரண்டே இரண்டு வார்த்தை. ‘பாஞ்சாலி போயிட்டா.’ அதைச் சொல்லி முடித்த உடனே மயிலை நீந்த ஆரம்பித்துவிடும்.

சின்ன வயதில் கெங்கம்மாள் ஒவ்வொரு தடவையும் கதவோரத்தில் வந்து உட்காருவாள். இன்றைக்காவது அந்த இடம் கொஞ்சம் நீளாதா? அம்மா கத்தினாளா, அழுதாளா, பிள்ளைகள் பேரைச் சொன்னாளா? வெள்ளம் ஏறும், நுகத்தடி முறியும், பாஞ்சாலி போய்விடுவாள். கெங்கம்மாள் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். இப்போது விழுப்புரத்தில் ரயில்வே ஷெட்டில் வேலை பார்ப்பவன் பெண்சாதியாகி இரண்டு பிள்ளை பெற்றாயிற்று. அம்மாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. முகம் கரைந்துகொண்டே வந்தது. குரல் எப்போதோ போய்விட்டது. ஒரு வார்த்தை கிடைத்தால் போதும், அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடலாம் என்று அவள் ஏங்கினாள்.

ஒரே ஒரு தடவை அதைக் கேட்டுவிடும் அளவுக்குக் கிட்டத்தில் போனாள். கல்யாணத்துக்கு முந்தின வருடம் அப்பா அவளைக் கொட்டாய்க்கு அழைத்துப் போயிருந்தார். படத்தில் ஒரு குதிரை, வெள்ளத்தில் விட்டுவிட்டு வந்த எஜமானியைத் தேடித் திரும்பவும் தண்ணீருக்குள் இறங்கியது. கொட்டாயே விசிலடித்தது. அப்பா பாதியில் எழுந்து வெளியே போய்விட்டார். அவள் பின்னாலேயே போனபோது, மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கம் நின்று பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஏம்பா, மாட்டுக்கும் அதுமாரி மனசு இருக்குமா?” என்று கேட்டாள்.

“வா, வூட்டுக்குப் போலாம்” என்றார்.

மத்தியானம் மண்ணாங்கட்டியும் மற்றவர்களும் சாப்பிடப் போனார்கள். வேங்கடேசன் ஐஸ் கட்டி கிடைக்குமா என்று பார்க்கச் சைக்கிளில் திண்டிவனம் போயிருந்தான். அப்பாவின் மூச்சு விட்டுவிட்டு வந்தது. இனிமேல் கேட்க நாளில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“எப்பா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தண்ணியில அம்மா இன்னா சொல்லிச்சு?”

அவர் கண்ணைத் திறந்தார். கூரையைப் பார்த்தார்.

“யாரு இருக்காங்க?”

“யாரும் இல்ல. நான்தான்.”

“மயிலை நேரா வர்ல.”

அவளுக்குப் புரியவில்லை. குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

“திரும்பிச்சு. ரெண்டு வாட்டி திரும்பிச்சு. அவ ஒரு கருவேலங் கெளைய புடிச்சிக்கினு இருந்தா. அங்கிருந்து கூப்ட்டா.”

“ஒன்னையா?”

“என்னைக் கூப்ட்டு இன்னா ஆவப்போவுதுன்னு அவளுக்குத் தெரியாதா? மாட்டக் கூப்ட்டா.” மூச்சு வாங்கக் கொஞ்ச நேரம் ஆனது. “கழனித்தண்ணி காட்ட கூப்புடுவாளே, அதேமாரி. ‘தங்கம்... ம்பா... வா, வா’ன்னு.”

கன்றுக்குட்டியிலிருந்து மயிலையை வளர்த்தவள் பாஞ்சாலி. தாய்ப்பசு செத்த கன்று அது. அவள் கைவிரலைச் சப்பித்தான் பால் குடிக்கப் பழகியது.

“காத வெடச்சிக்கினு அவகிட்ட போவப் பாத்துது. போயிருந்தா மூணு பேரும் போயிருப்போமோ, மூணு பேரும் வந்திருப்போமோ... மாட்ட ஓட்டக் கையில தார்க்குச்சி இல்ல. வாலக் கடிச்சேன், கெங்கா. பல்லு எலும்புல பட்ற வரைக்கும் கடிச்சேன். அது கத்திக்கினே கரையப் பாத்துத் திரும்பிச்சு.”

“அப்புறம்?”

“மறுபடியும் கூப்ட்டா. மறுபடியும் திரும்பிச்சு. மறுபடியும் கடிச்சேன்.”

“அப்புறம்?”

“அப்புறம் அவ கூப்புடல.”

கட்டிலின் கயிறு மெல்ல முனகியது. “அதுக்கு இருந்த மனசு எனக்கு இல்ல” என்றார். அப்புறம், “தம்பிகிட்ட சொல்லாத.”

கெங்கம்மாளுக்கு ஆத்திரம் பொங்கியிருக்க வேண்டும். பொங்கவும் செய்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு சந்தோஷம் வந்துவிட்டது. அம்மாவின் வார்த்தை கிடைத்துவிட்டது. அப்பா சாகக் கிடக்கிற நேரத்தில் வந்த அந்தச் சந்தோஷத்தை நினைத்து அவளுக்கே வெட்கமாயிருந்தது. கையிலிருந்த பஞ்சு எப்போதோ காய்ந்துபோயிருந்தது. மறுபடி நனைத்து அவர் உதட்டில் பிழிந்தாள்.

“குடிப்பா” என்றாள்.

வேங்கடேசன் சாக்குத் துணியில் சுற்றி ஐஸ் கொண்டுவந்தபோது பாதி கரைந்திருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு மூச்சு நின்றது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாடு வைத்திருந்தவன் செத்தால், பாடை தூக்குவதற்கு முன் அவன் மாட்டைக் கொண்டுவந்து முகம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் மாடு அந்த வீட்டில் தீனி எடுக்காது என்பார்கள். மறுநாள் காலையில் பறை அடிக்கிறவர்கள் கொஞ்சம் நிறுத்தினார்கள். வேங்கடேசன் கொட்டகையிலிருந்து மயிலையை ஓட்டிவந்தான். எலும்பு துருத்தி, தாடை தொங்கிப்போன கிழட்டு மாடு. வால் நடுவில் ஒடிந்து கோணலாகத் தொங்கியது. ஊரே வட்டமாய் நின்றது. இத்தனை வருடம் கேட்ட கதைக்கு இன்றைக்குத்தான் கடைசிக் காட்சி. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

மயிலை பாடையை முகர்ந்தது. பாடையில் முடைந்திருந்த பச்சைத் தென்னங்கீற்று ஒன்றைக் கடித்து இழுத்து, நிதானமாக மென்றது.

சின்னப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். மண்ணாங்கட்டிக்குத் தாங்கவில்லை. “பாருங்க, பாருங்க! கண்ணுல தண்ணி வுடுது பாருங்க!”

“ஒரு மாசமா வடிஞ்சிக்கினுதான் இருக்குது மாமா. வயசாயிடுச்சு இல்ல?” என்றான் வேங்கடேசன். அவன் கண்ணும் சிவந்திருந்தது. “மாட்டுக்கு ஏது மனசு? அதெல்லாம் சினிமாவுல.”

“கெங்கா, நீ சொல்லும்மா” என்றார் மண்ணாங்கட்டி. நண்பன் போன துக்கத்தைவிடக் கதை போய்விடுமோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது. “ஒங்கப்பனைக் காப்பாத்துன மாடு. அதுக்குத் தெரியாதா?”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை ஊரும் நம்பிய கதை அங்கேயே கவிழ்ந்துவிடும். கெங்கம்மாள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். தாடையைச் சேர்த்துத் துணி கட்டியிருந்தார்கள்.

“தெரியும் மாமா” என்றாள். “அதுக்கு எல்லாம் தெரியும்.”

மண்ணாங்கட்டி துண்டில் மூக்கைச் சிந்திக்கொண்டார். பறை மறுபடி தொடங்கியது. தெருமுனைவரை போன பெண்கள் அழுது ஓய்ந்து திரும்பி, வீட்டைக் கழுவிவிட்டு, ஒவ்வொருவராகக் குளிக்கப் போனார்கள்.

கெங்கம்மாளுக்கு அப்போதுதான் நினைவு வந்தது, நேற்றிலிருந்து மாட்டுக்கு யாரும் தண்ணீர் காட்டவில்லை. கழனித்தண்ணிப் பானையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். மயிலை அவளுக்கு முதுகைக் காட்டி நின்று, காலையில் தின்ற தென்னங்கீற்றை அசைபோட்டுக்கொண்டிருந்தது. அவள் வந்தது அதற்குத் தெரியவில்லை. தெரிந்தும் பொருட்படுத்தவில்லையோ என்னவோ.

கூப்பிட வாயெடுத்தாள். பானையை இறக்கி வைத்தாள். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள்.

“தங்கம்... ம்பா... வா, வா.”

மெல்லுவது நின்றது. இரண்டு காதும் விடைத்தன. மயிலை கால்களை மாற்றி வைத்து, கயிறு இழுபட, மெதுவாகத் திரும்பியது. அவளைப் பார்க்கவில்லை. பானையையும் பார்க்கவில்லை. அவள் தோளைத் தாண்டி, வாசலுக்கும் அப்பால், யாரையோ தேடுவதுபோல் பார்த்துக்கொண்டே நின்றது.

கெங்கம்மாளும் திரும்பிப் பார்த்தாள்.