நாலு கப் பீன்ஸ்

"கொஞ்சம் பீன்ஸ் ஹாட்டிஷ் சாப்பிடணும் போல இருக்கு" என்று மார்லிஸ் சொன்னதும் அவள் புருஷன் ஓரினுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வயிற்றில் புற்று முற்றிய பிறகு அவள் வாய்விட்டு எதையும் கேட்டதே இல்லை. "பசி திடீர்னு வரும், வந்த மாதிரியே போயிடும். கேட்டா உடனே குடுத்துடுங்க" என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

மினசோட்டாவின் அந்தப் பக்கத்தில் ஓவனில் வேகவைக்கிற இந்த ஹாட்டிஷைச் செய்யத் தெரியாத பொம்பளை கிடையாது, செய்யத் தெரிந்த ஆம்பளையும் கிடையாது. அடுத்த பண்ணை ஈனெஸுக்குப் போன் போட்டான்.

"பீன்ஸ் நாலு கப், காளான் சூப் ஒரு டின், கொஞ்சம் பால். ஓவன்ல அரைமணி வெச்சு, மேல பொரிச்ச வெங்காயம் தூவு. கன்னுக்குட்டியைக் கையை விட்டு இழுக்கறவன், பீன்ஸுக்குப் பயப்படறியே!"

அளக்கிற கப் எந்த அலமாரியில் இருக்கிறதோ! உருட்டினால், கண்மூடிக் கிடக்கும் மார்லிஸ் எழுந்துவிடுவாள். போகட்டும், நாற்பது வருஷம் பால் அளந்தவனுக்குக் கப் எதற்கு? 'ஒரு பைன்ட் ஒரு பவுண்டு, உலகம் பூரா' என்று பள்ளிக்கூடத்திலேயே பாடம். பைன்ட் என்றால் இரண்டு கப். அப்படியானால் நாலு கப்புக்கு இரண்டு பவுண்டு. பீன்ஸ் டின்னில் பதினாலரை அவுன்ஸ் என்று போட்டிருந்தது, பவுண்டுக்குக் கொஞ்சம் குறைச்சல். இரண்டு டின்னை அப்படியே கவிழ்த்து, மூன்றாவதில் கொஞ்சம் சேர்த்தான்.

அரைமணி கழித்துத் திறந்தால், பீன்ஸ் குளத்தில் மிதந்தது. அடக் கடவுளே!

"அந்தத் தண்ணியையுமா ஊத்தினே?" ஈனெஸ் போனில் விழுந்து விழுந்து சிரித்தாள். "டின் மேல போட்டிருக்கறது தண்ணியும் சேர்த்த எடைப்பா! வடிச்சா ஒண்ணரைக் கப்தான் தேறும். மூணு டின் வடிச்சுப் போடு."

"பைன்டுக்கு ஒரு பவுண்டுன்னு பாலுக்குச் சரியா வருமே."

"பீன்ஸ் என்ன மடியிலிருந்தா வருது?" என்றவள் சட்டென்று குரலை இறக்கினாள். "ஓரின், அவ ஒரு ஸ்பூன்தானே சாப்பிடுவா? எதுக்கு ஒரு தட்டு நெறைய?"

"கொறைச்சுச் செய்ய எனக்குத் தெரியலையே" என்றான்.

மறுபடி மூன்று டின். வடித்தான், கலந்தான், ஓவனுக்குள் வைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்றான். சீக்கிரம், சீக்கிரம் என்று அடுப்பைக் கெஞ்சினால் அது கேட்குமா?

தட்டோடு போனபோது மார்லிஸ் விழித்திருந்தாள். ஸ்பூனை உதட்டருகே கொண்டுபோனான். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வேண்டாம் ஓரின். அப்ப இருந்துச்சு. இப்ப போயிடுச்சு."

"ஒரே ஒரு வாய், மார்லிஸ். என் கண்ணுல்ல."

தலையசைத்து மறுத்தாள். தட்டைப் பார்த்தாள்.

"எத்தனை டின் போட்டே?"

"மூணு."

"மூணுதான் கணக்கு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? முழிச்சுக்கிட்டுதானே கெடந்தேன்."

"தூங்கறேன்னு நெனச்சேன்."

"நீ சாப்பிடு. நான் பாக்கறேன்."

அவன் சாப்பிட்டான். அவள் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததால், தட்டைக் கீழே வைக்கவும் அவனால் முடியவில்லை.