சவரக்கடையில் ஓர் ஆள்

நண்பர் சங்கத்தில் சத்தியம் செய்த நாளிலிருந்து யெராசிமோஸ் தன் தங்கை புருஷனின் சவரக்கடைப் பக்கமே போகவில்லை. துருக்கி சுல்தானிடமிருந்து கிரேக்க மண்ணை மீட்கப் புறப்பட்ட ரகசியச் சங்கம் அது. மாப்பிள்ளை பனாகிஸ், ரஷ்யாவின் ஒதெசா துறைமுகத்திலேயே பெரிய வாயாடி. அவனிடம் ஒரு சொல் நழுவினால் போதும், பொழுது சாய்வதற்குள் கப்பல் கப்பலாகப் பரவிவிடும்.

ஆறு மாதத்தில் தாடி மார்பைத் தொட்டது. ஈஸ்டருக்கு இந்தக் கோலத்தில் வந்தால் சோறு கிடையாது என்று தங்கை ரெகினா சொல்லியனுப்பினாள். வேறு வழியில்லாமல் சனிக்கிழமை காலை போய் உட்கார்ந்தான்.

பனாகிஸ் மீன் விலையில் ஆரம்பித்து, பாதிரியாரின் கழுதை வரைக்கும் வந்திருந்தான். பாதித் தாடி இறங்கியிருந்தது. அப்போது முன்பின் தெரியாத ஒரு மாலுமி உள்ளே வந்தான். இடது புருவத்தை இருமுறை தடவிக்கொண்டு, "உங்க ஊர்ல அத்தி பழுத்திருச்சா?" என்று கேட்டான்.

யெராசிமோஸ் கண்ணாடியில் மாலுமியைப் பார்த்தான். அது சங்கத்தின் அடையாளக் கேள்வி. இந்த வாயாடி முன்னால் எப்படிப் பதில் சொல்வது?

"பழுக்கல, ஆனா குருவி வந்தாச்சு" என்றான் பனாகிஸ், கன்னத்திலிருந்து கத்தியை எடுக்காமலே.

சரியான பதில். மாலுமி சட்டைக்குள்ளிருந்து ஒரு கடிதத்தை எடுத்து பனாகிஸிடம் கொடுத்துவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்தான்.

"மாப்பிள்ளை, நீயுமா?"

"ரெண்டு வருசமாச்சு, மச்சான். ஒன் பேரை எழுதிக் குடுத்ததே நான்தான். ரகசியம் காப்பானான்னு கேட்டாங்க. நான் ஜாமீன் நின்னேன்."

"இவ்வளவு பேசுற நீ எப்படிய்யா..."

"நாள் முழுக்கப் பேசுறவன்கிட்ட யாரும் எதையும் கேக்க மாட்டாங்க. நீதான் ஆறு மாசமா மூஞ்சிய மறைச்சுக்கிட்டுத் திரியுற. ரெகினாவே கேட்டுட்டா, எங்கண்ணன் எந்தப் பொண்ணு பின்னால சுத்துறான்னு."

யெராசிமோஸ் சிரித்த சிரிப்பில் சோப்பு நுரை மாலுமியின் தொப்பி வரை தெறித்தது. மாலுமியும் சிரித்தான். சிரிப்பு அடங்கி, மீதித் தாடியில் கத்தி வைக்கவே நேரமானது.

வழித்த முகத்தோடு தெருவில் இறங்கியவன், எதிரே வந்த தானிய வியாபாரியைத் தானாகவே நிறுத்தி, இந்த வருசத்து மீன் விலையைப் பற்றி அரைமணி நேரம் பேசினான்.